ஐந்து நட்சத்திரமா, ஒரு நட்சத்திரமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. வேலையில் இருந்த காலத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொலிடேர் (ஒருவரே தனியாக ஆடும் சீட்டாட்டம்) ஆடிப் பழகியவர். போன மாதம் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். அதில் பழைய ஆட்டம் இல்லை, ஐந்து ஆட்டம் சேர்ந்த தொகுப்பு ஒன்று இருக்கிறது. நடுவில் விளம்பரம் வருகிறது என்று சலித்துக்கொள்கிறார். போதாததற்கு, "இது வேணும்னே நம்மளத் தோக்கடிக்குது" என்கிறார். ஆடியவர்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்தவர் ஒன்று போடுகிறார். யாரை நம்புவது? காசு கட்டி விளம்பரத்தை எடுத்துவிடலாமா? - ஒரு வாசகி, திருநெல்வேலி.

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம். ஐந்து போட்டவர் சீட்டாட்டத்துக்கு மார்க் போட்டிருக்கிறார், ஒன்று போட்டவர் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார். ஒரே பரீட்சைத் தாளில் இரண்டு பாடத்தைத் திருத்தினால் இப்படித்தான் இருக்கும்.

நீங்கள் சொல்வது மைக்ரோசாஃப்ட் சொலிடேர் கலெக்‌ஷன். கிளாண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், பிரமிட், ட்ரைபீக்ஸ் ஆகிய ஐந்தும் அதில் உண்டு. அப்பா 'சொலிடேர்' என்று சொல்வது இதில் கிளாண்டைக். இதன் மேல் இருக்கும் கோபம் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990இல் விண்டோஸ் 3.0 வந்தபோது கூடவே சொலிடேரும் வந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி, மைக்ரோசாஃப்ட்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். தனியாக ராயல்டி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மௌஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்களுக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விடுவதை அந்த ஆட்டம்தான் பழக்கிவிட்டது. உங்கள் அப்பாவும் அப்படித்தான் மௌஸ் பிடிக்கப் பழகியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் 7 வரைக்கும் கம்ப்யூட்டரோடு சும்மா வந்துகொண்டிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது உள்ளே ஆட்டம் இல்லை, இந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் ஸ்டோரில் போய் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2015இல் விண்டோஸ் 10இல் திரும்பவும் உள்ளேயே வந்தது, ஆனால் ஆட்டத்துக்கு நடுவே வீடியோ விளம்பரத்தோடு. அதை எடுக்க மாதம் 1.49 டாலர், வருடத்துக்கு 9.99 டாலர் என்று வைத்தார்கள். கோபம் தொகையைப் பற்றியதே இல்லை. கோயில் வாசலில் இத்தனை வருஷமாகச் சும்மா விட்டுவிட்டுப் போன செருப்புக்கு ஒருநாள் திடீரென்று டோக்கன் கொடுத்துக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? அஞ்சு ரூபாய்தானே என்று யாரும் சமாதானமாகப் போவதில்லை.

அதனால் ஒற்றை நட்சத்திரக் கருத்துகளைப் படிக்கும்போது, என்ன கோபத்தில் எழுதுகிறார் என்று மட்டும் பாருங்கள். 'பழையதைக் கொடு' என்பவர் ஒரு ரகம். கம்ப்யூட்டர் மாற்றியதும் சேர்த்து வைத்த லெவலும் பேட்ஜும் போய்விட்டது என்று புலம்புபவர் இன்னொரு ரகம். அவர்களில் பலர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையாமலே ஆடியவர்களாக இருப்பார்கள், அப்படி ஆடினால் சேர்த்தது எதுவும் புதுக் கம்ப்யூட்டருக்குக் கூடவே வராது. அப்பாவுக்கு லெவல், பேட்ஜ் எல்லாம் ஒரு பொருட்டா? இல்லையென்றால் அந்தப் புலம்பலைத் தாண்டிப் போய்விடலாம். ஐந்து நட்சத்திரக்காரர்களில் நிறையப் பேர் தினசரி சவாலுக்காகவே காலையில் எழுந்ததும் திறப்பவர்கள், தேதி தேதியாக நிரப்பும் காலண்டர் அது, சிலருக்கு விடவே முடியாது. என்னைக் கேட்டால் மூன்று நட்சத்திரம் போட்டவர்களைத் தேடிப் படியுங்கள். ஆட்டம் பிடித்திருக்கிறது, ஆனால் இது இது தொந்தரவு என்று நிதானமாகச் சொல்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

இனி 'தோக்கடிக்குது' விஷயம். இதை எழுதாத ஆட்டக்காரர் கிடையாது, உங்கள் அப்பா தனியாள் இல்லை. கிளாண்டைக்கில் 52 சீட்டில் 28 சீட்டு ஏழு வரிசையாக இறங்கும், 24 கையில் இருக்கும். கடைசி வரிசையில் மட்டும் ஆறு சீட்டு கவிழ்ந்து கிடக்கும். வேண்டிய ஏஸ் அந்த ஆறுக்கும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், அதன் மேல் இருப்பதையெல்லாம் நகர்த்த இடமும் இல்லையென்றால், அவ்வளவுதான். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. கையில் இருப்பதை மூன்று மூன்றாகத் திருப்பி ஆடும்போது, கவிழ்ந்த சீட்டு அத்தனையும் தெரிந்தவர் ஆடினால்கூட, 100 கலைப்பில் 82 போலத்தான் முடிக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நமக்குக் கவிழ்ந்தது தெரியாது. அப்போது நம் கையில் எத்தனை தேறும்?

இதற்கு அந்தத் தொகுப்பிலேயே வழி இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது 'ரேண்டம்' என்பதை விட்டுவிட்டு 'ஈஸி' தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஈஸி, மீடியம் என்று தரம் பிரித்துத் தருவதெல்லாம் முடிக்கக்கூடிய கலைப்புகள். தினசரி சவாலும் அப்படியே. ஒவ்வொரு சீட்டாகத் திருப்பும்படி மாற்றிக்கொண்டால் இன்னும் சுலபம். இன்னொன்று, பழைய ஆட்டத்தில் கடைசியாக நகர்த்திய ஒன்றை மட்டும்தான் திரும்ப எடுக்க முடியும். இதில் ஆரம்பம் வரைக்கும் பின்னால் போகலாம். கறுப்பு ராஜா மேல் எந்தச் சிவப்பு ராணியை வைத்திருக்க வேண்டும் என்று திரும்பிப் போய் மாற்றி வைத்துப் பார்க்கலாம். திட்டுகிறவர்கள் இதை எழுதவே மாட்டார்கள்.

தோற்பதே பிடிக்காத ஆள் என்றால் ஃப்ரீசெல் பழக்கிவிடுங்கள். எல்லாச் சீட்டும் முகம் காட்டிக்கொண்டு கிடக்கும், அதிர்ஷ்டத்துக்கு வேலை ரொம்பக் குறைவு. பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்லில் எண் போட்ட 32,000 ஆட்டங்கள் இருந்தன. 1990களில் இணையத்தில் ஒரு கூட்டம் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஆடித் தீர்த்தது (எப்படிப்பட்ட பொறுமைசாலிகள்!). மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று, 11982ஆம் எண். இங்கே தோற்றால் கம்ப்யூட்டர் மேல் பழி போட முடியாது என்பது அப்பாவுக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

காசு கட்டுவதா? உடனே வேண்டாம். முதலில் ஒரு வாரம் வைஃபையை அணைத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். கிளாண்டைக் ஆட நெட் தேவையில்லை, நெட் இல்லாவிட்டால் புது விளம்பரமும் இறங்காது. தினசரி சவால் கிடைக்காது, அவ்வளவுதான். அந்த ஒரு வாரத்தில் சவால் எங்கே என்று அவரே கேட்டாரென்றால் அப்போது கட்டுங்கள், மாதக் கணக்கில் கட்டாமல் வருடத்துக்குக் கட்டுங்கள். மேலே நான் சொன்னது ஆரம்பத்தில் வைத்த விலை, இன்றைய ரூபாய்க் கணக்கை ஸ்டோரில் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

விளம்பரமே ஆகாது, காசும் கட்ட மனசில்லை என்றால் பைசால்எஃப்சி என்று ஒன்று இருக்கிறது. இலவசம், மூல நிரலே திறந்து கிடக்கிறது, ஆயிரத்துக்கு மேல் சீட்டாட்டங்கள். பார்க்கப் பழைய ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கும், மெனுவும் நீளம், ஆனால் உங்கள் அப்பாவுக்கு அதுவே பழகிய வீடு போல இருந்தாலும் இருக்கும். அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'எக்ஸ்பி சொலிடேர் இலவசம்' என்று தேடினால் வரும் ஊர் பேர் தெரியாத தளங்களின் பக்கமே போக வேண்டாம், சீட்டோடு வேறு என்ன வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று அவர் சொன்னால் கடையில் நிஜச் சீட்டு வாங்கிக் கொடுத்து, பாயில் உட்கார்ந்து அவர் கையாலேயே கலைத்து ஏழு வரிசை போடச் சொல்லுங்கள். வாங்குவதே வாங்குகிறீர்கள், இரண்டு கட்டாக வாங்குங்கள். ஸ்பைடருக்கு ஒரு கட்டு போதாது.