ஹெல்மரைப் பற்றியும் கதைப்போம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தரம் படிக்கிறேன். நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். ரீச்சர் தந்த போட்டோக்கொப்பியில் நோர்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' வாசித்தேன். வாசித்து முடிய எனக்கு நோரா மேல் சரியான கோபம். மூன்று பிள்ளைகளை நித்திரையில் விட்டுவிட்டு ஒரு தாய் எப்படிப் போவாள்?

என்னுடைய அம்மாவும் அப்பாவுக்குச் சொல்லாமல் லோன் எடுத்தவ. அப்பா மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்து வேலையில்லாமல் இருந்த நேரம், ஊர்ப் பெண்களோடு குழுவில் சேர்ந்து எடுத்த காசு. லோன் புத்தகத்தை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தா. ஒரு செவ்வாய்க்கிழமை லோன்காரர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அடுத்த கிழமையிலிருந்து கூட்டத்துக்குத் தானே காசைக் கொண்டுபோய்க் கட்டினார். அம்மா எங்களை விட்டு எங்கேயும் போகவில்லை.

கடைசிக் காட்சியைப் பாடசாலையில் போடப் போகிறோம். நான்தான் நோரா. பிள்ளையின் அழுகை கேட்டு நோரா திரும்பி வருவதாக முடிப்போம், இல்லாவிட்டால் பெற்றோர் குறை சொல்வார்கள் என்கிறா ரீச்சர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சி,

உம்முடைய பெயரையும் கிராமத்தையும் எடுத்துவிட்டேன். அரிசி வாளிக் கதையால் அம்மாவுக்குச் சங்கடம் வரக்கூடாது.

அம்மாவை நோராவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்திருக்கிறீர். அப்பாவை நோராவின் கணவன் ஹெல்மருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. 1879 டிசெம்பரில் கோப்பன்ஹேகனில் மேடையேறிய நாளிலிருந்து இந்த நாடகத்துக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். போனது சரியா பிழையா என்று நோராவை விசாரித்து முடியவே பொழுது போய்விடும். ஹெல்மரை ஒருவரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

கடனிலிருந்து தொடங்குவோம். கணவனுக்குக் கடும் வருத்தம். தெற்கே சூடான நாட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆள் தப்பாது. அந்தக் காலத்தில் கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது. பிணைக்குத் தகப்பனின் கையெழுத்தை நோரா தானே வைக்கிறாள். தகப்பன் செத்தது செப்டெம்பர் 29. கையெழுத்துக்கு இட்ட திகதி ஒக்டோபர் 2. கடன் கொடுத்த கிரொக்ஸ்டாட் பிடித்தது இதைத்தான். பிறகு வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், அறையைப் பூட்டிக்கொண்டு இரவிரவாகப் பிரதி எழுதியும் கட்டுகிறாள்.

நோர்வேயின் பழங்கதை என்று விட்டுவிடாதேயும். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான நமது தேசவழமையில், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் ஏறவேண்டும். குழுக்கடனில் பிணை நிற்பது பக்கத்து வீட்டுப் பெண்கள். ஏன் அத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி கிரொக்ஸ்டாட் ஹெல்மருக்கு எழுதும் அந்த இரண்டு கடிதங்களுக்கு வாரும். முதலாவதை வாசித்ததும் ஹெல்மர் அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்கிறான். ஊர் கண்ணுக்காக இதே வீட்டில் இரு, ஆனால் பிள்ளைகளை உன் கையில் விடமாட்டேன் என்கிறான். போட்டோக்கொப்பியில் அந்த இடத்துக்குக் கோடு போட்டு வையும். நோரா பிள்ளைகளை விட்டுப் போக முன்னமே தகப்பன் அவர்களைப் பிரித்துவிட்டான். சற்று நேரத்தில் இரண்டாவது கடிதம் வருகிறது, கடன்பத்திரம் திரும்பிவிட்டது. 'நான் தப்பிவிட்டேன்' என்று கத்துகிறான். 'அப்ப நான்?' என்று அவள் கேட்ட பிறகுதான் அவளும் ஞாபகம் வருகிறாள். கையோடு மன்னிப்பும் கொடுத்துவிடுகிறான்.

உம்முடைய அப்பாவுக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளில் ஹெல்மர் சொன்னதெல்லாம் அவர் மனதிலும் வந்து போயிருக்கும். ஆனால் மூன்றாம் நாள் புத்தகத்தைக் கையில் வாங்கினார். பெண்களின் கூட்டத்தில் ஒற்றை ஆம்பிளையாகப் போய் நின்று காசு கட்டினார். நோரா ஓர் அற்புதத்துக்காகக் காத்திருந்தேன் என்கிறாளே, குற்றம் என்னுடையது என்று கணவன் முன்னுக்கு வந்து நிற்பான் என்று? உங்கள் வீட்டில் அது கிழமைக்குக் கிழமை நடந்திருக்கிறது. அம்மா போகாததற்கு அம்மாவின் பொறுமையை மட்டும் காரணம் சொல்லாதேயும்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும் பார்த்து வளர்ந்த நமக்குப் பொறுமை என்றால் கண்ணகி. 'சிலம்பு உள கொண்ம்', என் சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளும், என்றவள். ஆனால் மதுரையில் மாதரி வீட்டில், சாப்பிட்டு முடிந்து, சிலம்பு விற்கப் புறப்பட முன்னர் கோவலன் தான் செய்ததையெல்லாம் சொல்லி வருந்துகிறான். அவளும் சும்மா விடவில்லை. 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்', யாரும் போற்றாத நடத்தை நடந்தீர், என்று நேரே சொல்கிறாள். நோரா ஹெல்மரை மேசையில் இருத்திக் கதைக்கக் கேட்டதும் இப்படி ஒரு பேச்சைத்தான். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்கிறாள். கோவலன் வாயில் வந்த சொல் ஹெல்மர் வாயில் கடைசிவரை வரவில்லை.

தாய் எப்படிப் போவாள் என்று கேட்கிறீர். இரண்டாம் அங்கத்தில் ஆயா ஆன் மரீயைப் பாரும். சொந்தப் பிள்ளையைப் பிறரிடம் விட்டுவிட்டு நோராவை வளர்க்க வந்தவள். அவளை ஒருவரும் திட்டுவதில்லை. குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன நம்மூர்த் தாய்மாரையும், காசு வந்துகொண்டிருக்கும்வரை ஊர் அவ்வளவாகத் திட்டுவதில்லை.

ரீச்சர் சொல்லும் முடிவு புதிதல்ல. ஜெர்மனியில் ஹெட்விக் நீமன் ராபே என்ற நடிகை, என் பிள்ளைகளை நான் விட்டுப் போகமாட்டேன், அதனால் இதை நடிக்கமாட்டேன் என்று நின்றார். வேறு யாரும் மாற்றி எழுத முன்னர் 1880இல் இப்சனே மாற்றிக் கொடுத்தார். ஹெல்மர் அவளைப் பிள்ளைகளின் அறைவாசலுக்கு இழுத்துப் போக, அவள் அப்படியே சரிந்து விழுகிறாள். நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று பிறகு அவரே சொன்னார். எனக்கும் அந்த முடிவில் உடன்பாடில்லை. கேள்வி ஹெல்மரிடம் கேட்கப்பட்டது. பதில் சொல்லப் பிள்ளையை எழுப்பக் கூடாது.

ரீச்சரின் பயமும் விளங்குகிறது. குறை கேட்கப்போவது அவதானே. அவவிடம் இப்படிக் கேட்டுப் பாரும்: மேசையில் தொடங்காமல், ஹெல்மர் தபால்பெட்டி திறக்கும் இடத்திலிருந்து போடலாமா? நேரம் போதாவிட்டால், குடும்ப நண்பர் டொக்டர் ராங்க் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போன அட்டைகளைப் பற்றிய பேச்சை வெட்டலாம். இரண்டு கடிதங்களில் கை வைக்கவேண்டாம். 'பிள்ளைகளை விடமாட்டேன்' என்பதைக் காதால் கேட்ட பெற்றோர் முடிவைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும். ஹெல்மராக வரும் தம்பிக்கு மீசை முறுக்க விடாதேயும். இரண்டாவது கடிதம் வந்ததும் அவன் உண்மையாகவே சந்தோசப்பட வேண்டும். கெட்டவனாக நடித்தால் சபையில் இருக்கும் அப்பாமார், இது எங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

அன்புடன்,
அக்கா