அந்த டைரியை ஏன் தொட்டீர்கள்?

கேள்வி: என் மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆன் ப்ராண்டே எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறாள். புருஷனை விட்டு ஓடிப்போன ஹெலன் என்பவளின் கதையாம். 'ஹெலன் செய்ததே சரி' என்று டைரியிலும் எழுதி வைத்திருக்கிறாள். வரன் பார்க்கும் நேரம். வேறு நாவல் எடுக்கச் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: நாவல் இருக்கட்டும் அம்மா. டைரியில் எழுதியிருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளே காட்டியிருந்தால் அவளிடமே பேசியிருப்பீர்கள், எனக்குக் கடிதம் வந்திருக்காது.

அந்த நாவலிலும் ஒருவன் இதைத்தான் செய்கிறான். ஹெலனின் குடிகாரப் புருஷன் ஆர்தர். அவள் எழுதிக்கொண்டிருக்கும் டைரியைப் பிடுங்கிப் படிக்கிறான். படம் வரைந்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவள் போட்டிருந்த திட்டம் தெரிந்துவிடுகிறது. சாவிகளை வாங்கிக்கொண்டு, தூரிகை, சாயம் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். நீங்கள் 'ப்ராஜெக்ட்டை மாற்று' என்கிறீர்கள்.

ஓடிப்போனவளாம். எதற்காகப் போனாள்? சின்னஞ்சிறு மகனுக்கு அப்பனே மது குடிக்கவும் கெட்ட வார்த்தை பேசவும் பழக்கினான். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போனாள். நாவல் வெளிவந்த 1848-இல் இங்கிலாந்தில் மனைவி சம்பாதித்த காசுகூடச் சட்டப்படி கணவனுக்குத்தான் சொந்தம். 1870-இல்தான் அது மாறியது. அந்தக் காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டு, ஓவியம் விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். பிறகு ஆர்தர் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது, யாரும் கூப்பிடாமலே திரும்பிப் போய்ப் பணிவிடை செய்தாள். ஆனால் மகனைக் கண்ணில் காட்டுவதற்கு முன், பிள்ளை தன் பொறுப்பில்தான் இருப்பான் என்று எழுதி வாங்கிக்கொண்டாள். குடும்பம், கடமை என்று வாழ்நாளெல்லாம் பேசுகிறவள் நான். என் கணக்கில் கடமை தெரிந்த பெண் ஹெலன்தான்.

ஆன் ப்ராண்டேயின் அக்கா, 'ஜேன் ஐர்' நாவலை எழுதிய சார்லட்டே, தங்கை இறந்த பிறகு இந்த நாவலை மறுபடி அச்சிட வேண்டியதில்லை என்று நினைத்தார். அவரே அப்படி என்றால் உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. டைரியைத் தொட்டதைத்தான் சொல்கிறேன்.

இன்று ராத்திரியே 'உன் டைரியைப் படித்துவிட்டேன்' என்று அவளிடம் சொல்லுங்கள். கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் வரன் பார்க்கும் வீடுகளில் பையன் குடிப்பானா என்று விசாரியுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.