சிங்கப்பூர் மரினா பே இவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தது?

கேள்வி கேட்டவர் 2005 வாக்கில் சிங்கப்பூர் வந்தபோது மரினா பே பக்கம் பெரும்பாலும் வெறும் புல்வெளியைப் பார்த்திருக்கிறார். இப்போது அதே இடத்தில் வங்கிக் கோபுரங்களும் கொண்டோக்களும் (தனியார் அடுக்குமாடி வீடுகள்) நிற்கின்றன. பத்துப் பதினைந்து வருடத்தில் இது எப்படிச் சாத்தியம், கொழும்பில் கடலைத் தூர்த்து உருவாக்கிய துறைமுக நகரமும் இதே வேகத்தில் எழும்புமா என்று கேட்டிருக்கிறார்.

நான் இந்த வட்டாரத்தில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் குளிரூட்டல் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நகரத் திட்டமிடலில் பட்டம் பெற்றவன் இல்லை. ஆனால் தினமும் இதன் அடித்தளத்திலேயே கிடப்பதால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்: மரினா பே சீக்கிரம் வளரவில்லை. நாற்பது வருட வேலை அது. அதில் கண்ணுக்குத் தெரிந்த கடைசிப் பகுதியைத்தான் நாம் வேகம் என்கிறோம்.

முதலில் கரை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். தெலுக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டியது. கட்டும்போது அதன் முன்னால் கடல். கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் வந்து நின்று நன்றி சொன்ன இடங்களில் ஒன்று. இன்றைக்கு அந்த வாசலில் நின்று எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் தெரியாது. 1879-ல் தொடங்கி அந்தக் கடலைத் தூர்த்து ராபின்சன் ரோடு பக்கமெல்லாம் நிலமாக்கினார்கள். அதற்கும் அப்பால் மறுபடி தூர்த்துத்தான் இன்றைய மரினா பே. கடலை நிலமாக்குவது இந்த ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை.

நிதி மாவட்டம் என்பதும் புதிதில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் உள்ள மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம்மவர்கள் செட்டித் தெரு என்றே சொல்லிவந்தார்கள். அங்கே இருந்த கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமுமான வீடுகளில், நகரத்தார் வரிசையாகத் தரையில் பெட்டியடி (சிறிய கணக்குப் பெட்டி) போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். 1970-களில் நகர மறுசீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. இப்போது அந்தத் தெருவில் 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது. பழைய வங்கித் தெருக்களை ஒட்டியே புது நிலம் கிடைத்தது என்பது மரினா பேயின் பெரிய அதிர்ஷ்டம். ஊருக்கு வெளியே எங்கோ தூர்த்திருந்தால் எந்த வங்கி அங்கே போயிருக்கும்?

சரி, தூர்த்த கதைக்கு வருவோம். மரினா சென்டர், மரினா சவுத் பகுதிகளைத் தூர்க்கும் வேலை 1970-களில் தொடங்கி 1980-களின் நடுவில் முடிந்தது. மரினா பே வட்டாரம் என்று இன்று சொல்வது சுமார் 360 ஹெக்டேர். ஆனால் தூர்த்தவுடன் கட்டிவிட முடியாது. கடலடியில் கிடப்பது குழகுழவென்ற களிமண். மேலே மணலைக் கொட்டினால் அது வருடக்கணக்கில் மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும். இந்த மண்ணின் ஆபத்தை ஊர் முழுக்க உணர்ந்தது 2004 ஏப்ரல் 20-ல். கொஞ்சம் வடக்கே, நிக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில், வட்டப்பாதை எம்ஆர்டி (நகர ரயில்) தடத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் இறந்தார்கள்.

1983-லேயே ஐ. எம். பெய், கென்சோ டாங்கே என்ற இரண்டு பெரிய கட்டடக் கலைஞர்களிடமும் இந்தப் பகுதிக்குத் திட்டம் வரையச் சொல்லியிருந்தார்கள். 1989-ல் மரினா பே எம்ஆர்டி நிலையமும் திறந்தாகிவிட்டது. ஆனால் மேலே ஏறி வந்தால் என்ன இருந்தது? பட்டம் விடும் திடல், பௌலிங் கூடம், மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் பஃபே கடைகள். பழைய ஆட்களைக் கேட்டால் இன்றும் ஆசையாகச் சொல்வார்கள். நீங்கள் பார்த்த புல்வெளி அந்தக் காலத்தின் கடைசி. ரயில் நிலையத்தைக் கட்டிவிட்டு, நிலத்தை அவசரப்பட்டு விற்காமல் இத்தனை வருடம் வைத்திருந்தார்கள். என் மதிப்பில் முழுத் திட்டத்திலும் கடினமான காரியம் இதுதான். காலி நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆறு அப்போது நாறிக் கிடந்தது. பத்து வருடத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்று 1977-ல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ சொன்னார். 1987-ல் வேலை முடிந்தது. சரக்குத் தோணிகளை 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருந்த பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை எல்லாம் போயின. அப்புறம் 2008-ல் மரினா அணைக்கட்டு வந்தது. மரினா கால்வாயின் முகத்துவாரத்தை 350 மீட்டர் நீளத்துக்கு அடைத்து, கடல் உள்ளே வராமல் செய்து, இந்தக் குடா முழுவதையும் நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது. கோபுரங்களின் விளக்கு மின்னுகிற அந்தத் தண்ணீர், சுத்திகரித்துக் குழாயில் வருகிற குடிநீர். மழை அதிகமானால் மதகுகளைத் திறக்கிறார்கள். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் பம்பு வைத்து வெளியே தள்ளுகிறார்கள். சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகளில் வெள்ளம் குறைய இதுவும் காரணம். கரையோரத்துக் கோபுரங்களைப் படம் எடுக்கிற பலருக்கும் இந்த விவரம் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

இப்போது என் இடத்துக்கு வருகிறேன். மரினா பே சாலைகளுக்கு அடியில் ஒரு பொதுச் சேவைச் சுரங்கம் ஓடுகிறது. மின்கம்பி, தொலைத்தொடர்புக் கம்பி, குடிநீர்க் குழாய், நியூவாட்டர் (சுத்திகரித்த கழிவுநீர்) குழாய், குளிர்நீர்க் குழாய் எல்லாம் அதற்குள். ஆள் நிமிர்ந்து நடந்துபோய் வேலை பார்க்கலாம். கேபிள் மாற்ற வேண்டும் என்று யாரும் சாலையைத் தோண்டுவதில்லை.

அந்தக் குளிர்நீர்தான் என் சோறு. வழக்கமாக ஒவ்வொரு கோபுரத்துக்கும் தண்ணீரைக் குளிரவைக்கத் தனித்தனிச் சில்லர் இருக்கும், மொட்டைமாடியில் வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவர் இரைந்துகொண்டிருக்கும். இங்கே அப்படியில்லை. பூமிக்கு அடியில் இருக்கிற பொது நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பது வெப்பமாற்றிகள் மட்டும்தான்: தகடு தகடாக அடுக்கிய ஒரு சாதனம். தகட்டின் ஒரு பக்கம் அவர்களுடைய தண்ணீர், மறுபக்கம் எங்கள் கட்டடத்தின் தண்ணீர். இரண்டும் கலக்காது, குளிர்ச்சி மட்டும் கைமாறும். குழாயைச் சுற்றிய இன்சுலேஷன் எங்காவது பிரிந்தால் சில நிமிடத்தில் அந்த இடம் வியர்த்துச் சொட்ட ஆரம்பிக்கும். அதைத் தேடிப் பிடிப்பது எங்கள் அன்றாட வேலையில் பாதி. இந்தப் பொதுக் குளிரூட்டல் 2006 முதல் ஓடுகிறது. மரினா பே நிதி மையம் என்ற அலுவலகத் தொகுதியின் முதல் கோபுரங்கள் திறந்ததே 2010-ல். அதாவது ஆள் வருவதற்கு முன்பே குழாய் வந்துவிட்டது.

நிலத்தை விற்ற விதத்திலும் யோசனை இருந்தது. தூர்த்த நிலம் அரசுடையது. பட்டாதாரர் யாரும் இல்லை, வழக்கு இல்லை, இழப்பீடு இல்லை. அரசு அதை 99 வருடக் குத்தகைக்கு ஏலம் விடுகிறது. பல மனைகளுக்கு 'வெள்ளை மனை' என்ற வகை: அலுவலகமா, வீடா, ஹோட்டலா, எது எவ்வளவு என்பதைச் சந்தையைப் பார்த்து எடுத்தவரே பெரும்பாலும் முடிவு செய்யலாம். மரினா பே நிதி மையத்தின் 3.55 ஹெக்டேர் மனையை 2005-ல் கெப்பல் லேண்ட், ஹாங்காங் லேண்ட், செயுங் கோங் மூன்றும் சேர்ந்து எடுத்தன. முழு மனைக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டச் சொல்லவில்லை. முதல் கட்டத்துக்குக் கட்டு, மீதியை எடுக்கும் உரிமை சில வருடம் உன்னிடம் இருக்கட்டும் என்றார்கள். சந்தை சூடுபிடித்ததும் 2007-ல் மீதியையும் எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு கோபுரங்கள் 2010-லும் மூன்றாவது 2012-லும் முடிந்தன. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் முதல் கோபுரத்துக்கு வந்தது. டிபிஎஸ் வங்கி ஷென்டன் வேயில் இருந்த பழைய தலைமையகத்தை விட்டு மூன்றாவதற்கு வந்தது.

சூதாட்டக்கூடம் வேண்டுமா என்று ஊரே இரண்டுபட்டு வாதாடியதும் அதே 2005-ல்தான். கடைசியில் அனுமதித்தார்கள், சூதாட்டக்கூடத்தோடு மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் 2010-ல் திறந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய ஒரு நாளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் வைத்தார்கள். 2019-ல் 150 ஆக்கினார்கள். வெளியூர்க்காரர்கள் மரினா பே என்றாலே அந்த மூன்று கோபுரங்களைத்தான் நினைக்கிறார்கள். எனக்கோ அதன் பின்னாலும் குடாவைச் சுற்றியும் 101 ஹெக்டேரைக் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு ஒதுக்கியதுதான் பெரிதாகத் தெரிகிறது. நாட்டின் விலை உயர்ந்த நிலங்களில் ஒன்று அது.

குடாவைச் சுற்றி ஓடும் சுமார் 3.5 கிலோமீட்டர் நடைபாதையும் எல்லாருக்கும் பொது. எந்தக் கோபுரத்துக்காரரும் தண்ணீரை வேலி போட்டு மறைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பக்கத்துத் தம்பிமார்கள், வங்காளதேச நண்பர்கள் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருப்பார்கள். "அந்தா, அந்த ரெண்டாவது பில்டிங்குல நான் பைப்பு போட்டேன்" என்று ஒருவர் தன் மகளுக்குக் காட்டியதை நான் கேட்டிருக்கிறேன். இங்கே கட்டுமான வேலியில் 'அபாயம்' என்று தமிழிலும் எழுதித் தொங்குவது சும்மா இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். திறப்பு விழாப் பலகைகளில் அவர்கள் பெயர் இருக்காது. இங்கே எழுதும்போதாவது சொல்லியாக வேண்டும்.

கொழும்புத் துறைமுக நகரம் பற்றி: 269 ஹெக்டேரைத் தூர்த்து முடித்தது 2019-ல். கட்டடமே எழும்பவில்லையே என்று இப்போதே கைவிரிப்பது நியாயமில்லை. மரினா சவுத் அதைவிட எத்தனையோ வருடம் காலியாகக் கிடந்தது. அதே நேரம் ஒரு வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. மரினா பே காத்திருந்த காலத்தில் பக்கத்து ஷென்டன் வேயில் அலுவலகங்கள் நிரம்பி வழிந்தன. இடம் மாறத் தயாராக வாடகைக்காரர்கள் இருந்தார்கள். நிலத்தை எப்போது, யாருக்கு விடுவது என்பதும் ஒரே அரசின் கையில் இருந்தது. கொழும்பில் நிலத்தின் ஒரு பகுதி, தூர்த்துக் கொடுத்த சீன நிறுவனத்தின் கையில் நீண்ட குத்தகைக்குப் போயிருக்கிறது. அதனால் அங்கே கட்டடங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, கொழும்பின் பழைய வணிக வட்டாரமான கோட்டைப் பகுதியில் இன்று வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிற எந்த நிறுவனம் அங்கே குடிபெயரும் என்று பாருங்கள். பதில் அதில் கிடைக்கும்.

கடைசியாக, வீடுகள். மரினா பேயின் குறை என்று நான் நினைப்பது இதைத்தான். 70 மாடி 'தி செயில்' 2008-ல் முடிந்தது, 1,111 வீடுகள். மரினா பே ரெசிடென்சஸ் 428. மரினா ஒன்னில் 1,042. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு சிறிய ஊர். ஆனால் ராத்திரி வேலை முடிந்து வரும்போது நிமிர்ந்து பார்த்தால் இருட்டான ஜன்னல்கள் நிறைய. வாங்கியவர்களில் பலர் முதலீட்டுக்காக வாங்கியவர்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்ட வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வையை 2023 ஏப்ரலில் 60 விழுக்காடாக்கிய பிறகு அந்த வேகம் குறைந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அலுவலக ஊழியர்களே லாவ் பா சாட்டுக்கும் அமோய் ஸ்ட்ரீட் உணவங்காடிக்கும் நடந்து போகிறார்கள். கோபுரங்களுக்குள் விற்கிற விலை தினமும் கட்டுப்படியாகாது. குடும்பமாக வாழ்வதற்குப் பள்ளிக்கூடமும், மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தையும் பக்கத்தில் வேண்டாமா?

அடுத்து மரினா சவுத்தில் 10,000-க்கு மேற்பட்ட வீடுகள் வரப்போகின்றன. நடந்தும் ரயிலிலும் போய்வரும் பேட்டையாக அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள். முதலில் விற்ற மனைகள் தனியார் கொண்டோக்களுக்குப் போயிருக்கின்றன. அந்த 10,000-ல் கணிசமான பங்கு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முடியாத காரியமில்லை, வங்கி வட்டாரத்திலிருந்து நடக்கும் தூரத்தில், டக்ஸ்டனில், 50 மாடியில் 1,848 வீவக வீடுகளை 2009-லேயே இதே அரசு கட்டிக் கொடுத்திருக்கிறது. கடலைத் தூர்த்த செலவு பொதுப்பணம். மரினா சவுத்தில் தாதியரும் பேருந்து ஓட்டுநரும் ஆசிரியரும் குடும்பத்தோடு குடியிருக்க வழி செய்ய, அங்கே காலி மனை இன்னும் நிறைய மீதி இருக்கிறது.