கணினிக் கேள்வி பதில்: கடை திறந்திருக்கும்போது அப்டேட் வேண்டாமே!

கே: ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன் சார். எழுதுவது விபி டாட் நெட் மொழியில், டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். எழுபது கடை இருக்கும். சின்னத் திருத்தம் என்றாலும் ஒவ்வொரு கடையின் கணினிக்கும் எனிடெஸ்க் வழியாகத் தொலைவிலிருந்தே போய் இஎக்ஸ்இ ஃபைலை (ஓடும் புரோகிராம் அதுதான்) மாற்ற வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி வீதம் மாறியபோது ஒரு வாரம் தூக்கமே இல்லை. அப்டேட் தானாகப் போய்ச் சேர என்ன வழி?
(ஈரோடு வாசகர்)

ப: வழி சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: அந்தச் செப்டம்பர் வேலைக்கு அப்டேட்டே தேவைப்பட்டிருக்கக் கூடாது.

ஆயத்த ஆடைக்கு முன்பு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. இந்த எண்கள் உங்கள் புரோகிராமுக்குள் 'இஃப்' வரிகளாக உட்கார்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றை வெளியே எடுத்து ஒரு டேபிளில் வையுங்கள். எச்எஸ்என் எண் (சரக்கு வகையைக் குறிக்கும் எண்), விலை வரம்பு, வீதம், எந்தத் தேதியிலிருந்து அமல் என்று நான்கு 'காலம்' (column, நெடுவரிசை) போதும். பில்லின் தேதியை வைத்து வீதத்தை எடுக்கட்டும். ஜிஎஸ்டி கவுன்சில் செப்டம்பர் 3-ஆம் தேதியே அறிவித்துவிட்டது. அன்றைக்கே புது வரிசையைச் சேர்த்து அனுப்பியிருந்தால் 22-ஆம் தேதி விடிந்ததும் தானாக நடைமுறைக்கு வந்திருக்கும். 20-ஆம் தேதி வாங்கிய சட்டையை 25-ஆம் தேதி ஒருவர் திருப்பிக் கொடுத்தாலும் பழைய பில்லின் வீதத்திலேயே கிரெடிட் நோட் விழும்.

சரி, இஎக்ஸ்இ-க்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இ-யின் மேல் புதியதை எழுத விண்டோஸ் விடாது. பெயரை மட்டும் மாற்ற விடும். அதனால் பலர் பழையதற்கு வேறு பெயர் வைத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் போடுகிறார்கள். புரோகிராமின் துணை ஃபைல்களான டிஎல்எல்கள் பாதி காப்பி ஆனபோது கரன்ட் போனால் அந்தக் கடையில் பழையதும் ஓடாது, புதியதும் ஓடாது. இந்த முறை வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். 4.2.0 ஒரு ஃபோல்டர், 4.2.1 ஒரு ஃபோல்டர். டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் உங்கள் பில்லிங் புரோகிராமைத் திறக்காமல், ஒரு குட்டி லாஞ்சரைத் திறக்கட்டும். முழுதாக இறங்கிய பதிப்புகளில் புதியது எதுவோ அதைத் தொடங்குவது மட்டும்தான் அதன் வேலை. குரோம் பிரவுசரும் பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரில்தான் தன் ஃபைல்களை வைக்கிறது, திறந்து பாருங்கள்.

புதுப் பதிப்பு முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் இறங்கட்டும். இறக்குவதற்கு விண்டோஸிலேயே 'பிட்ஸ்' என்ற வசதி எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறது. மற்ற வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் மிச்ச இணைய வேகத்தில் இறக்கும். நடுவில் லைன் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கி முடிந்ததும் டிஜிட்டல் கையொப்பத்தையும் (ஃபைல் உங்களிடமிருந்துதான் வந்தது என்பதற்கான முத்திரை) எஸ்எச்ஏ-256 எண்ணையும் (ஃபைலின் கைரேகை மாதிரி) சரிபார்த்து, எல்லாம் ஒத்துப்போனால் மட்டும் அந்த ஃபோல்டருக்கு 4.2.1 என்று பெயர் சூட்டுங்கள். ஒரே டிரைவுக்குள் பெயர் மாற்றுவது ஒரு நொடி வேலை. அதற்கு முன் எந்தக் கட்டத்தில் கரன்ட் போனாலும் மறுநாள் காலை 4.2.0 வழக்கம்போலத் திறக்கும்.

இன்னொரு காவலும் வேண்டும். புதுப் பதிப்பு பில் போடும் திரை வரைக்கும் வந்துவிட்டால் 'சரியாக ஓடியது' என்று ஒரு சின்ன ஃபைலை எழுதி வைக்கட்டும். லாஞ்சர் அடுத்த முறை பார்க்கும்போது அந்த ஃபைல் இல்லையென்றால், பேசாமல் பழைய பதிப்பைத் திறந்துவிட்டு உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருப்பார், நீங்கள் நிதானமாகக் காரணம் தேடலாம்.

உண்மையான சிக்கல் டேட்டாபேஸில் இருக்கிறது. ஃபோல்டர் பழையதற்குத் திரும்பும், டேட்டாபேஸ் திரும்பாது. தவிர, பெரிய கடை என்றால் நான்கு கவுன்டர் ஒரே டேட்டாபேஸைப் பார்க்கும். முதல் கவுன்டர் 4.2.1-க்கு மாறிவிட்டது, மூன்றாவது கவுன்டரைக் காலையிலிருந்து மூடவே இல்லை, அது இன்னும் 4.2.0. நீங்கள் டேபிளில் ஒரு காலத்தின் (column) பெயரை மாற்றியிருந்தால் மூன்றாவது கவுன்டர் நடு பில்லில் விழும். ஆகவே டேட்டாபேஸில் சேர்க்கலாம், மாற்றக் கூடாது, நீக்கக் கூடாது. புதுக் காலத்துக்கு ஒரு டீஃபால்ட் மதிப்பு கொடுங்கள், பழைய புரோகிராம் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். தேவையில்லாத காலத்தை, எல்லாக் கடையும் புதுப் பதிப்புக்கு வந்தபின் அடுத்தடுத்த அப்டேட்டில் நீக்கிக்கொள்ளலாம். கைவைக்கும் முன் பேக்கப் எடுப்பதும், எடுத்த பேக்கப் திரும்ப ஏறுகிறதா என்று உங்கள் மெஷினில் பார்ப்பதும் கட்டாயம்.

இதையெல்லாம் முதலிலிருந்து எழுதப் பொறுமை இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் ஆயத்த அப்டேட் வசதியான கிளிக்ஒன்ஸ் உங்கள் கையிலேயே இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2005-உடன் வந்தது. யூசரின் சொந்த ஃபோல்டரில் நிறுவுவதால் அட்மின் பாஸ்வேர்டு கேட்காது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி இருக்காது, பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். உங்கள் அளவுக்கு கிளிக்ஒன்ஸ் போதும் என்பது என் எண்ணம். டேட்டாபேஸ் பொறுப்பு மட்டும் எப்படியும் உங்களுடையதுதான்.

அனுப்பும்போது எழுபது கடைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். போன் செய்தால் பொறுமையாகப் பேசும் இரண்டு கடைக்காரர்களுக்கு முதலில். ஒரு சனி, ஞாயிறு கூட்டம் தாண்டட்டும். அப்புறம் பத்து கடை, அப்புறம் மீதி.

கே: எங்கள் டீம் லீடருக்கு இந்த ஆட்டோமேஷன் எதிலும் நம்பிக்கை இல்லை. புதுப் பதிப்பைச் சர்வரில் கையால் காப்பி செய்வதுதான் பாதுகாப்பு, கண்ணால் பார்த்துச் செய்கிறோமே என்கிறார். என்ன பதில் சொல்வது?
(சென்னை வாசகி)

ப: நைட் கேப்பிட்டல் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய நிறுவனம். 2012-இல் ஒரு புது வசதிக்காக எட்டு சர்வர்களில் புதுப் பதிப்பைப் போட்டார்கள். போட்டவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் அங்கே இல்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சந்தை திறந்ததும், விட்டுப்போன அந்த ஒரே சர்வரில் 2003-லேயே கைவிட்ட பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். நிறுவனம் வேறு கைக்குப் போனது.

கண்ணால் பார்த்துச் செய்தாலும் எட்டாவதில் கண் அசரும். அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த வேலையை மனிதரிடம் விட்டதுதான் தவறு. காப்பி செய்வதை ஸ்கிரிப்ட் செய்யட்டும், முடிந்ததும் எல்லாச் சர்வரிடமும் 'உன் பதிப்பு எண் என்ன?' என்று அதுவே கேட்டு, ஒன்று மாறினாலும் நிறுத்தட்டும். உங்கள் லீடரின் கண்ணுக்கு அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அவருடைய எச்சரிக்கை நல்ல குணம், அதைச் செலவிட வேண்டிய இடம் அதுதான்.

கே: கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் 'அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்' என்று நிற்கிறது. மருந்துச் சீட்டோடு ஆட்கள் நிற்கிறார்கள். சாஃப்ட்வேர்காரரைக் கேட்டால் அப்டேட் முக்கியம் என்கிறார். முக்கியம்தானா?
(கும்பகோணம் வாசகர்)

ப: முக்கியம்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு முக்கியம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்து கையில் சீட்டோடு நிற்பவரை ஒரு நீலக் கோடு நகரும் வரை காத்திருக்க வைக்க எந்தப் புரோகிராமருக்கும் உரிமை கிடையாது. இறக்குவதைப் பகலில் பின்னணியில் செய்யலாம், மாறுவதை இரவு கடை மூடும்போது செய்யலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. உங்கள் சாஃப்ட்வேர்காரரிடம் 'இப்போது வேண்டாம், இரவு' என்று ஒரு பட்டன் கேளுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப வழி உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் ஆண்டுச் சந்தா கட்டும் முன் யோசியுங்கள்.

அப்டேட் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகிறதா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்குப் போன ஒரு பிழையான ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் எல்லா இடத்துக்கும் போய்விட்டிருந்தது.

கே: விஷுவல் ஸ்டுடியோவில் பில்ட் செய்தால் (எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக்கினால்) அடிக்கடி 'ஃபைலை வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது' என்று நிற்கிறது. சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்தே பாதி நாள் போகிறது. கோபம் கோபமாக வருகிறது சார்.
(திருநெல்வேலி, கல்லூரி மாணவர்)

ப: கோபம் நியாயம்தான் தம்பி, ரீஸ்டார்ட் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் கடைசியாக ஓட்டிய உங்கள் புரோகிராமே ஜன்னல் மூடியும் சாகாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிடுங்கள். அங்கே இல்லையென்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் பெட்டியில் அந்த ஃபைலின் பெயரை அடியுங்கள். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டும். ஆன்டிவைரஸாக இருக்கலாம், ஒன்டிரைவாகவும் இருக்கலாம். புராஜெக்ட்டை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைத்திருந்தால் ஒன்டிரைவ் ஒவ்வொரு பில்டையும் மேலே ஏற்றப் பார்க்கும். சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். அப்புறமும் வினோதமாக நடந்தால் பில்டில் உருவாகும் 'பின்' (bin), 'ஆப்ஜ்' (obj) என்ற இரண்டு ஃபோல்டரையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள், உங்கள் நிரல் எதுவும் போகாது.

கே: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ 'பிளக்இன்னை அப்கிரேடு செய்யவா?' என்று கேட்டது. சரி என்றேன். நேற்று வரை ஓடிய ஆப் இன்று நூறு எரர் காட்டுகிறது. அடுத்த வாரம் புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டும். 8 ஜிபி லேப்டாப்.
(சேலம் வாசகி)

ப: முதலில் பழைய நிலைக்குப் போங்கள். கிட் (Git, ஃபைல்களின் பழைய நிலைகளைப் பதிந்து வைக்கும் கருவி) இருந்தால் மாறிய பில்ட் ஃபைல்களை மட்டும் பழையதாக்கினால் போதும். கிட் இல்லையென்றால் சமர்ப்பித்த மறுநாள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு பிளக்இன், ஆப்பை பில்ட் செய்யும் கிரேடில், ஜாவா மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்றை ஏற்றினால் மற்றவையும் ஏற வேண்டும். பிளக்இன் 8.0-க்கு ஜாவா 17 வேண்டும், கிரேடிலும் 8.0 ஆவது வேண்டும். உங்கள் புராஜெக்டுக்கு எந்த கிரேடில் என்பது கிரேடில் ராப்பர் ஃபோல்டரில் உள்ள ப்ராபர்டீஸ் ஃபைலில் எழுதியிருக்கிறது, அந்த ஃபைலையும் கிட்டில் சேர்த்து வையுங்கள். அந்தப் பட்டனை அமுக்க நல்ல நேரம், ஒரு வெளியீடு முடிந்து அடுத்தது தொடங்கும் முன். அதுவும் கிட்டில் தனிக் கிளை ஒன்றில், மூல நிரலைத் தொடாமல். 8 ஜிபி-யில் எமுலேட்டரை (கணினிக்குள் ஓடும் போலிப் போன்) ஓட்டிக் கஷ்டப்படாதீர்கள், யுஎஸ்பி கேபிளில் போனைச் செருகி அதிலேயே ஓட்டிப் பாருங்கள்.

கே: சின்ன ஊர் அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர் என்னுடையது. என் அப்டேட் சர்வரை யார் வந்து உடைக்கப் போகிறார்கள்? டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழுக்குக் காசு செலவழிக்க வேண்டுமா?
(சிவகாசி வாசகர்)

ப: எம்.இ.டாக் என்பதும் உக்ரைனில் கணக்குப் பிள்ளைகள் வரித் தாக்கலுக்குப் பயன்படுத்திய மென்பொருள்தான். 2017-இல் அதன் அப்டேட் வழியாகவே நாட்பெட்யா என்ற நாசகார நிரலை உள்ளே அனுப்பினார்கள். ஜூன் 27-ஆம் தேதி அது வெடித்தது. உக்ரைனோடு நிற்கவில்லை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. உங்கள் சர்வருக்குள் ஒருவர் நுழைந்தால், உங்களை நம்பிய அத்தனை கடையின் சாவியும் அவர் கையில் என்று பொருள்.

எனவே செலவழியுங்கள். கையொப்பமிடும் சாவியை அப்டேட் சர்வரிலேயே வைக்காதீர்கள். இப்போது அது பெரும்பாலும் ஹார்டுவேர் டோக்கனில் (பென்டிரைவ் மாதிரிக் கருவி) வரும், வேலை முடிந்ததும் கழற்றி எடுத்து வையுங்கள். கையொப்பத்தோடு டைம்ஸ்டாம்ப்பும் (கையொப்பமிட்ட நேரத்தின் முத்திரை) சேருங்கள். அது இருந்தால்தான் சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய பதிப்பின் கையொப்பம் செல்லும்.

கே: 1.9 பதிப்பு வரை தானியங்கி அப்டேட் அழகாக வேலை செய்தது. 1.10 வெளியிட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கும் போகவில்லை. ஏன்?
(மதுரை வாசகர்)

ப: பதிப்பு எண்ணை வெறும் எழுத்தாக ஒப்பிடுகிறீர்கள். எழுத்தாகப் பார்த்தால் புள்ளிக்குப் பின் வரும் 1, 9-ஐ விடச் சின்னது. ஆகவே 1.10 பழையது என்று உங்கள் புரோகிராம் முடிவு கட்டுகிறது. புள்ளியில் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் எண்ணாக்கி ஒப்பிட வேண்டும். டாட் நெட் என்றால் இதற்கு 'வெர்ஷன்' என்ற கிளாஸே இருக்கிறது. ஆனால் இந்தத் திருத்தத்தையும் 1.10 என்றோ 1.11 என்றோ அனுப்பினால் வெளியே இருக்கும் 1.9 அதையும் ஒதுக்கிவிடும். 2.0 என்று பெயரிட்டு அனுப்புங்கள், பழைய ஒப்பீட்டுக்கும் அது பெரியதாகவே தெரியும்.