சபுராளியும் அகதியும்

அன்புள்ள காக்கா,

பதினொரு வருடமாகத் துபாய் தேராவில் இருக்கிறேன். இந்த முறை கீழக்கரை வந்தபோது மனசே சரியில்லை. ஒரு தெருவில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், நாலு தெரு தள்ளினால் ஒழுகும் கூரைகள். கட்டட வேலை முழுக்க இலங்கையிலிருந்து வந்து மண்டபத்தில் இருக்கும் முகாம்காரர்களும் வடநாட்டுப் பையன்களும். அரசாங்கப் பணமும் வாங்கி, கூலியும் வாங்கினால் நம் ஊர் ஏழை எங்கே போவான்? ஜகாத்தை ஒழுங்காகத் திரட்டினால் தீராதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஜகாத்தை ஜமாஅத்தில் கேளுங்கள். பூட்டிய வீடுகள் நாம் பெண்மக்களுக்குக் கட்டிக் கொடுத்தவை, அது தனிக் கதை. என்னை உறுத்தியது 'முகாம்காரர்கள்' என்ற சொல். கொஞ்ச நாளாகவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் கடந்து சம்பாதிக்கப் போனவரை நாம் சபுராளி என்கிறோம். சொல்லும்போதே அத்தர் மணக்கும். கடல் கடந்து இங்கே வந்தவர் மட்டும் அகதி. 2021-ல் அரசாங்கம் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நம் வாய் மாறவில்லை. மண்டபம் முகாம் முதலில் யாருக்காக இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலிச் சனத்தை நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்து அனுப்ப. அப்படிப் போனவர்களின் வம்சத்தில் 5,25,000 பேரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக 1964-ல் சாஸ்திரி கையெழுத்துப் போட்டார். 1983-க்குப் பிறகு சண்டைக்குத் தப்பி வந்தவர்களுக்கும் அதே மண்டபம்தான். இதில் யாரை வந்தவன் என்பீர்கள்?

அரசாங்கப் பணமாம்! 2021-ல் கூட்டிக் கொடுத்ததே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். தேராவில் உங்கள் கட்டில் வாடகையில் அது எத்தனை நாளுக்குக் காணும்?

மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த முகாம் பையன் பாதிச் சுவரோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். கத்தினேன். "இண்டைக்கு முகாமில செக்கிங் காக்கா. ஆள் நிக்காட்டி பதிவை வெட்டிப்போடுவினம்" என்றான். அவன் பிறந்ததே மண்டபத்தில். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவனுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. விசா முடிந்தால் நீங்கள் கீழக்கரைக்கு வருவீர்கள். அவன் எங்கே போவான், சொல்லுங்கள்?

மறுநாள் விடியுமுன் வந்து முடித்துக் கொடுத்தான். நான் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சரி, அடுத்த முறை வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டுமென்றால் அவன் நம்பர் தருகிறேன். செக்கிங் என்றைக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.