'கடுப்பா இருக்கு' – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பதினொன்றாம் வகுப்பு, பயோ-மேத்ஸ் குரூப். பத்தாவதில் 476 எடுத்தவன், காலாண்டில் கணக்கில் 41. அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. எது கேட்டாலும் 'கடுப்பா இருக்கு, விடு' என்கிறான். காலை நாலரைக்கு டியூஷனுக்கு எழுப்பினால் தினமும் சண்டை. போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மொட்டைமாடியில் அழுதுகொண்டிருக்கிறான். அவன் அப்பா 'எல்லாம் நடிப்பு, போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும்' என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நடிக்கிறவன் ஆள் பார்க்கத்தான் அழுவான். மொட்டைமாடி ஏறிப் போய் அழமாட்டான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் 'கடுப்பு'தான். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல், நமக்கு 'டென்ஷன்' மாதிரி. பசி, பயம், அவமானம், தூக்கக் கலக்கம் எல்லாம் அதற்குள் அடைந்து கிடக்கும். தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில், அழுகை ஒன்றுக்கே நாலு காரணம் பிரிக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவும் வறுமையும் தெரிந்தவைதான். இளிவு, பிறர் முன் தாழ்ந்துபோவது. அசைவு என்பதற்கு, பழைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது என்று பொருள் சொல்கிறார் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர். 476-இலிருந்து 41. உங்கள் மகனுடையது இந்த அசைவுதான் என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்ல வார்த்தை அகப்படாமல் தட்டைத் தள்ளுகிறான்.

பெயர் வைப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2007-இல் அமெரிக்காவில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அப்போது மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலாவின் துடிப்பு தணிந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள்.

ஸ்கேன் எல்லாம் இல்லாமலே என் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. பிளஸ் ஒன் கணக்கில் நான் 37. விடைத்தாளை நாலாக மடித்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தேன். உலைக்கு அரிசி அளக்கும்போது உழக்கோடு ஏறி வந்துவிட்டது. அம்மா தவிட்டை உதறி, மடிப்பை நீவிவிட்டு, 'வெட்கமா இருந்துச்சாடா?' என்று மட்டும் கேட்டாள். ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தால் பத்துப் பொய் தயாராக வைத்திருந்தேன். இதற்கு ஒன்றும் இல்லை. அழுதுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

அதனால் 'ஏன்' என்பதைக் கொஞ்ச நாள் விடுங்கள். எதிரே உட்காரவைத்தும் கேட்காதீர்கள். வண்டியில் அவனைப் பின்னால் உட்காரவைத்துப் போகும்போதோ, இருவருமாகத் துணி மடிக்கும்போதோ, 'பழைய மார்க் வரலேன்னு அசிங்கமா இருக்கா, இல்ல நாங்க என்ன சொல்வோம்னு பயமா?' என்று கேட்டுப் பாருங்கள். ரெண்டும் இல்லை என்று எரிந்து விழுந்தாலும் சரி, மூன்றாவது எதுவென்று அவனே தேட ஆரம்பித்திருப்பான்.

அப்புறம், அந்த நாலரை மணி டியூஷன். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இந்த வயதில் தூக்கம் வரவைக்கிற மெலடோனின் சுரப்பதே தாமதமாகிறது; சீக்கிரம் படுத்தாலும் புரண்டுகொண்டுதான் கிடப்பார்கள். தேவையோ எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம். பதினொன்றரைக்குத் தூங்குகிறவனை நாலரைக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரம்தான். நீங்களோ நானோ கூடச் சிரித்த முகமாக எழுந்திருக்கமாட்டோம். மாலை வகுப்புக்கு மாற்றுங்கள். போனை ராத்திரி ஹாலில் வைப்பது நல்லதுதான், வீட்டிலுள்ள எல்லாருடையதையும் சேர்த்து.

சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியே இருந்தால் மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள். 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற பேச்சு வந்தாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ அன்றைக்கே. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கணவரிடம் அவருடைய பிளஸ் ஒன் கணக்கு மார்க் என்ன என்று ஒருநாள் கேளுங்கள். மகன் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள்.