கஞ்சாவை விட்டதும் கனவுகள் துரத்துவது ஏன்?

கேள்வி: எனக்கு 27 வயது. தூக்கம் வருவதற்காகவே நான்கு ஆண்டுகளாகத் தினமும் இரவில் கஞ்சா புகைத்துவந்தேன். அந்தக் காலத்தில் கனவு வந்ததாக நினைவே இல்லை. விட்டு ஒன்பது நாள் ஆகிறது. இப்போது விடியற்காலையில் பயங்கரமான கனவுகள் வந்து, வியர்த்துக் கொட்டி எழுந்துவிடுகிறேன். நேற்று விழிப்பு வந்த பிறகும் கைகாலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. என் மூளை கெட்டுவிட்டதா? நண்பர் அல்பிரசோலம் மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் மூளை கெட்டுவிடவில்லை. நான்கு ஆண்டுகளாக அடக்கிவைக்கப்பட்டிருந்த ஒரு வேலையை அது மீண்டும் செய்யத் தொடங்கியிருக்கிறது. உங்களைப் பயமுறுத்தும் இந்தக் கனவுகள், கஞ்சாவை விட்டவர்களுக்கு மிகப் பொதுவாக ஏற்படுபவை. இதை முதலில் சொல்லக் காரணம், 'விட்டதால்தான் இவ்வளவும்' என்று எண்ணி, இந்தக் கட்டத்திலேயே பலர் மறுபடியும் புகைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தூக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஆழ்ந்த உறக்கமும் கனவு மிகுந்த உறக்கமும் மாறிமாறி வருகின்றன. மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் இந்தக் கனவு உறக்கத்தை 'ரெம்' உறக்கம் என்கிறோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் 1953இல் இதை விவரித்தார்கள். பெரியவர்களின் தூக்கத்தில் இது சுமார் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். அதிலும் பெரும்பகுதி இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வருகிறது. உங்கள் கனவுகள் விடியற்காலையில் வருவதற்கு இதுவே காரணம்.

கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற பொருள் சீக்கிரம் தூங்க வைப்பதோடு ரெம் உறக்கத்தையும் குறைக்கிறது. உங்களுக்குக் கனவே வராதிருந்ததை நல்ல தூக்கத்தின் அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். உண்மையில் அது தூக்கத்தின் ஒரு பகுதி குறைந்துபோனதன் அடையாளம். கனவு உறக்கம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தன்னார்வலர்களை எழுப்பிவிட்டு ஆராய்ந்த வில்லியம் டிமென்ட், பிறகு அவர்களைத் தடையின்றித் தூங்கவிட்டபோது வழக்கத்தைவிட அதிகம் கனவு கண்டதை 1960இல் வெளியிட்டார். அணையைத் திறந்ததும் தேங்கிய நீர் பாய்வதுபோல, தடுக்கப்பட்ட ரெம் உறக்கம் தடை நீங்கியதும் பெருகி வருகிறது. அந்த நேரத்தில் அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாகவும், நிதானித்து எடைபோடும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதிகள் சற்று அடங்கியும் இருப்பதால், கனவில் வரும் ஆபத்து நிஜமாகவே தோன்றுகிறது. மறுபடியும் புகைப்பதாகவே சிலருக்குக் கனவு வரும், குற்றவுணர்ச்சியோடு எழுவார்கள். அப்படி வந்தால் மனம் தளர வேண்டாம், கனவில் புகைத்தது புகைத்ததாகாது.

நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்ததை நம் ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பார்கள். கனவின்படி எழுந்து ஓடிவிடாமல் இருக்க, ரெம் உறக்கத்தின்போது உடல் தசைகளை மூளை செயலற்று வைத்திருக்கிறது. மனம் விழித்துக்கொண்டும் அந்தத் தடை உடனே நீங்காவிட்டால் சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடங்கள் வரை அசைய முடியாது. தூக்கம் கெட்டிருக்கும் நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகம் வரும். அச்சமூட்டினாலும் தீங்கில்லாதது, ஒரு விரலையாவது அசைக்க முயன்றபடி அமைதியாக மூச்சு விடுங்கள், விலகிவிடும்.

கஞ்சாவை நிறுத்தியபின் வரும் தொல்லைகள் பெரும்பாலும் முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணிகின்றன. வியர்வை, எரிச்சல், பசியின்மை முதலில் போகும். தூக்கக் கோளாறும் கனவுகளும் ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. தூக்கத்தைத் தந்தாலும் ரெம் உறக்கத்தையும் ஆழ்ந்த உறக்கத்தையும் அதுவும் குறைக்கிறது. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கும் அபாயம் உண்டு. 'ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும்' என்ற யோசனையையும் ஏற்காதீர்கள். மது முன்னிரவில் கனவு உறக்கத்தை அடக்கிப் பின்னிரவில் கிளப்பிவிடும்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். காபி, டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பகலில் எழுதி, முடிவை உங்கள் விருப்பப்படி மாற்றி, அந்தப் புதிய வடிவத்தைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கொடுங்கனவுகளுக்கு மனநல மருத்துவத்தில் முறையாகவே பயன்படுத்தப்படும் பயிற்சி இது.

பகலில், முழு விழிப்பில், பிறருக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்டாலோ, யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ அது வேறு விஷயம். அன்றே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸுடன் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். மருத்துவரிடம் கஞ்சா பழக்கத்தை மறைக்காதீர்கள்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களுக்கு ரகசியப் பாதுகாப்பு அளிக்கிறது. எவ்வளவு காலம், தினமும் எவ்வளவு, கூடவே மது உண்டா என்ற மூன்றும் தெரிந்தால்தான் உங்களுக்கு மருந்து தேவையா, தேவையென்றால் எது என்பதை அவரால் முடிவு செய்ய முடியும்.